பழைய தையற்பொறியைப் பிரித்துச் செப்பனிடுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் எமக்கு முன்னர்ப் பேசியவர்கள் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் இனிமையாகப் பேசி அமர்ந்தனர். யாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, புகைவண்டி நிலையத்தில் பார்சல்களுக்குச் சீட்டெழுதும் எழுத்தர். எமக்குத் தெரிந்ததைப் பேசுவதே முறையாகும். ஆகவே, நம் வீடுகளில் மூலைக்கு ஒன்றாகத் துணி மூடிக் கிடக்கும் பழைய தையற்பொறியைப் பற்றிப் பேச விழைகின்றோம். "இது பேசத்தக்க பொருளா?" என்று சிலர் முறுவலிப்பதைக் காண்கின்றோம். சற்றே பொறுத்தருள்க.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட இவ்வூர்களில் தைத்த துணிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. தென் திருவிதாங்கூரில் ஒரு சாரார் பெண்கள் குப்பாயம் அணிவதற்கே போராட வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. தோள்சீலைப் போராட்டம் 1822-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நீண்டு, 1859-இல் அரசு விளம்பரம் வந்த பின்னரே ஒருவாறு அடங்கியது. வெட்டித் தைத்த ஒரு சட்டைக்காக அடியும் உதையும் பட்ட மண் இது. அம்மண்ணில் ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தன் காலால் சக்கரத்தை மிதித்து, தன் மகளுக்குத் தானே சட்டை தைக்கிறாள் என்றால் அது சிறிய செய்தி அன்று.

இன்னுமொரு செய்தி. காந்தியடிகள் இயந்திரங்களுக்குப் பகைவர் என்று பலரும் எண்ணுகின்றனர். 1924-ஆம் ஆண்டில் தில்லியில் அவர் உண்ணாநோன்பிருந்த காலத்தை ஒட்டி, சாந்திநிகேதனத்தில் பயின்ற இளைஞர் ஒருவர் அவரைக் கண்டு, எல்லா இயந்திரங்களையுமா வெறுக்கின்றீர்கள் என்று வினவினார். அறிவுக்குப் பொருந்திய சில விலக்குகள் உண்டு என்று கூறிய அடிகள், அதற்கு எடுத்துக்காட்டாகச் சிங்கர் தையற்பொறியையே சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்துவதைக் காணப்பொறாமல் சிங்கர் அதனைச் செய்தார் என்பது அடிகள் கேட்டிருந்த கதை. இளைஞரும் விடவில்லை, அப்பொறியைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் பெரிய இயந்திரங்கள் இருக்குமே என்று மடக்கினார். ஆம், ஆனால் அத்தகைய தொழிற்சாலைகள் அரசின் உடைமையாக இருத்தல் வேண்டும் என்பது அடிகளின் விடை. இவ்வுரையாடலை மகாதேவ தேசாய் எழுதி வைத்தார். 'யங் இந்தியா' இதழில் அது வெளிவந்தது. வினவிய இளைஞர் யார்? நம் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன் அவர்களே! பின்னாளில் 1947-இல் தம் மனைவியார் சௌந்தரம் அம்மையாருடன் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவரும் அவரே. இவ்வூர்க்காரர் ஒருவரின் வாய்க் கேள்வியால் சிங்கர் பொறி காந்திய நூல்களில் இடம்பெற்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உண்மையை மறைக்காமல் கூறினால், மனைவியின்மீது கொண்ட அன்பால் சிங்கர் பொறி செய்தார் என்னும் கதைக்கு வரலாற்றில் இடமில்லை. ஐசக் சிங்கர் பணத்தையே குறியாகக் கொண்டவர்; பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றுக்குப் பழுதுபார்க்க வந்த பொறியைக் கண்டு, அதனைத் திருத்தி, 1851-இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்னரே 1846-இல் காப்புரிமை பெற்றவர் எலியாஸ் ஹோவே என்பவர். அவருடைய வறுமைக் காலத்தில் அவர் மனைவியார் பிறர்க்குத் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார் என்பர். கதையில் ஆள் மாறிவிட்டது போலும்! ஊசியின் காதைப் பின்புறத்தினின்று நுனிக்குக் கொண்டுவந்ததும், மேல்நூலும் அடிநூலும் துணிக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளச் செய்ததும்தான் இதன் உயிர். இவ்வளவையும் கூறுவதன் காரணம், அவ்வுயிரை அறிந்தவர்க்குப் பொறியைப் பிரிக்க அச்சம் வாராது என்பதே.

இனி, நேரில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். தனுவச்சபுரத்தை அடுத்த சிற்றூரில் ஒரு வீடு. பாலராமபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, அவ்வூரில் வாழ்க்கைப்பட்ட பெண்மணி ஒருவர் அங்குள்ளார். கணவர் கட்டடவேலையில் முதுகு முறிந்து படுக்கையில் கிடக்கின்றார். கேரளத்தில் பள்ளிகள் ஜூன் மாதம் திறப்பதை நாம் அறிவோம். அப்பெண்மணி நாற்பது பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கிவிட்டார். மே மாத முதல் வாரத்தில் பொறி இறுகி நின்றது. சக்கரம் இம்மியும் அசையவில்லை. பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்து, இதன் காலம் முடிந்தது என்று கூறிப் போனார். அதனைக் கேள்வியுற்று மறுநாளே பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் வந்து, இரும்புக் காலுக்கு மட்டும் விலை பேசினார். தேநீர்க் கடைகளில் அவ்விரும்புக் காலின்மேல் பலகையிட்டு மேசையாக்குகின்றார்களாம். தலைப்பகுதி அவருக்கு வேண்டாம். எடைக்குப் போடலாமென்று இலவச அறிவுரையும் தந்தார்.

பழைய சிங்கர் பொறிகளுக்குப் பொன்விலை உண்டு என்று நம்புவாரும் உளர். அதற்கு மூலம் 2009-ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் கிளம்பிய வதந்தி. அப்பொறிகளின் ஊசியில் சிவப்புப் பாதரசம் உள்ளதென்று எவரோ கூற, மக்கள் கைப்பேசியை ஊசியருகே பிடித்துப் 'பரிசோதித்து' ஆயிரக்கணக்கில் விலை கொடுத்தனர். வளைகுடாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் அக்கதையையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் பாதரசமும் இல்லை. பழுப்பு நிறத்தில் நாறும் தேங்காயெண்ணெய்தான் உள்ளது.

யாம் அவ்வீட்டுக்குச் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பெண்மணியின் மாமியார், எண்பதைக் கடந்த மூதாட்டி, வாசலிலேயே எம் கையைப் பற்றிக்கொண்டார். "மக்களே, பிரிச்சா மறுபடி கூட்டிருவியா? இது எங்க அம்மைக்க மிஷினாக்கும்" என்றார். மருமகளோ, "அண்ணாச்சி, பத்து நாளுல ஆகல்லன்னா முன்பணத்த திருப்பிக் கொடுக்கணும். இரும்புக்காரன் நாளைக்கும் வருவான்" என்று மெல்லக் கூறினார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் பொறி நின்றது.

பொறியின் அடித்தட்டில் எண்ணைப் பார்த்தோம். 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கியது. சிங்கர் நிறுவனத்தார் 1900-ஆம் ஆண்டிலிருந்து எண்ணுக்கு முன்னால் எழுத்திட்டனர். ஸ்காட்லாந்து நாட்டுக் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் 1920-களுக்கும் 1930-களின் நடுப்பகுதிக்கும் இடையே செய்தவற்றில் இவ்வெழுத்து உண்டு. 1880-களில் எழுந்த அப்பெருந்தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டு இடிக்கவும் பட்டது. அது பெற்ற பிள்ளை இங்கே தனுவச்சபுரத்தில் சீருடை தைக்கின்றது! வட்டப் பாபினும், பிறைபோல் முன்னும் பின்னும் ஆடும் ஷட்டிலும் உடைய பதினைந்தாம் வகுப்புப் பொறி அது. நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜெய் எஞ்சினீயரிங் நிறுவனத்தார் செய்யத் தொடங்கிய உஷா பொறியின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. ஆதலால் இங்குக் கூறுவது உங்கள் வீட்டு உஷாவுக்கும் பொருந்தும்.

இறுகிய பொறியைக் கண்டதும் பலரும் செய்வது சக்கரத்தை வலிந்து திருகுதல். அது கூடாது. இறுக்கம் எங்கே என்று முதலில் அறிதல் வேண்டும். சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைத் தளர்த்தினால் சக்கரம் தனித்துச் சுழலவேண்டும். சுழன்றால் குற்றம் உள்ளே. சுழலாவிட்டால் குற்றம் சக்கரத்திலேயே. இப்பொறியில் சக்கரமும் சுழலவில்லை. குமிழில் உள்ள சிறிய திருகாணியை எடுத்துக் குமிழைக் கழற்றினோம். அதன் பின்னே மூன்று காதுகள் உடைய ஒரு வில்லை இருக்கும். அதனை எடுக்கும்போதே எந்தப் பக்கம் வெளியே இருந்தது, எந்தக் காது மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றி வைத்தால் பாபின் சுற்றும்போது ஊசியும் சேர்ந்து ஆடும், அல்லது சக்கரம் பிடிக்கவே பிடிக்காது. சக்கரத்தை உருவியபோது தண்டைச் சுற்றிப் பல நிறத்து நூல் கயிறுபோல் முறுகிக் கிடந்தது. பச்சை, வெள்ளை, காக்கி! எத்தனை ஆண்டுப் பள்ளிச் சீருடையோ! ஊசிமுனையால் ஒவ்வோரிழையாக எடுத்தோம். சக்கரம் விடுபட்டது. ஆயினும் தண்டு அசையவில்லை. ஆகவே உள்ளேயும் குற்றம் உண்டு.

பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக எமக்குப் பழகிய ஒரு வழக்கம் இங்கே கைகொடுத்தது. எந்தப் பொருள் எதற்கு முன் வந்ததோ அதற்கு அந்த எண். வீட்டிலிருந்த சிரட்டைகளைக் கழுவி வரிசையாக வைத்து, சுண்ணாம்பால் ஒன்று முதல் எண்ணிட்டோம். முதலில் கழற்றிய திருகாணி முதற் சிரட்டைக்கு, அடுத்தது அடுத்ததற்கு. கூட்டும்போது கடைசிச் சிரட்டையிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். இக்காலத்தில் கைப்பேசியில் படமும் பிடித்துக்கொள்ளலாம்; யாமும் பிடித்தோம். ஆயினும் கை முழுவதும் எண்ணெயாய் இருக்கும்போது சிரட்டையே நல்லது.

திருப்புளியைப் பற்றி ஒரு சொல். பழைய பொறிகளின் திருகாணிகளில் பிளவு குறுகலானது. முனை தடித்த திருப்புளியை வைத்து அழுத்தினால் பிளவின் உதடு சிதையும். பிறகு அத்திருகாணி எந்தக் காலத்திலும் வராது. பிளவை நிறைத்து நிற்கும் முனையே வேண்டும். இல்லையேல் அரத்தால் தேய்த்து அமைத்துக்கொள்ளலாம். வாராத திருகாணிக்கு மண்ணெண்ணெய் ஒரு துளி விட்டு, ஓரிரவு காத்திருந்து, மறுநாள் திருப்புளியை வைத்து அதன் தலையில் மெல்லத் தட்டியபின் திருகுக. பொறுமையற்றவர் இவ்வேலைக்கு ஆகார்.

தேங்காயெண்ணெய்க்கு வருவோம். நம் நாட்டில் தலைக்கும் அதுவே, விளக்குக்கும் அதுவே, கறிக்கும் அதுவே, மிஷினுக்கும் அதுவே. விட்ட அன்று பொறி பட்டுப்போல் ஓடும். நாளடைவில் அவ்வெண்ணெய் கெட்டு, பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசினாகி, மெருகெண்ணெய் பூசினாற்போல் உறைந்துவிடும். மார்கழிக் குளிரில் வெறும் எண்ணெயே கட்டியாவதைக் காண்கிறோமன்றோ? போதாக்குறைக்கு பூவாறு, பொழியூர்ப் பக்கத்துக் கடற்காற்றும், இடவப்பாதி மழையும், துலாமாத மழையும் துருவை வளர்க்கின்றன. அவ்வீட்டில் நாள்தோறும் எண்ணெய் விட்டிருந்தார்கள். நாள்தோறும் பிசின் வளர்ந்தது. அவர்கள் அலட்சியமாய் இருந்ததால் பொறி கெடவில்லை. மிகுந்த பற்றுடன் இருந்ததால்தான் கெட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஊசியையும் அழுத்தும் பாதத்தையும் எடுத்தோம். இரு திருகாணிகளைக் கழற்றி ஊசித்தட்டைத் தூக்கியபோது, துணியைத் தள்ளும் பற்களுக்கிடையே தூசி கம்பளம்போல் இறுகியிருந்தது. பற்களின் பள்ளம் தூர்ந்துவிட்டால் அவை தட்டுக்கு மேலே போதிய உயரம் எழா, துணி நகராது, தைப்பவர் கையால் இழுப்பார், ஊசி வளைந்து ஒடியும். 'ஊசி அடிக்கடி ஒடிகிறது' என்னும் குறைக்குப் பாதி விடை இத்தூசியே. அடுத்துப் பொறியைப் பின்புறமாகச் சாய்த்து, பாபின் கேஸை எடுத்து, ஷட்டிலை மூடிய வளையத்தை விலக்கி, ஷட்டிலையும் எடுத்தோம். அது ஓடும் தடத்தில் ஒரு நூல்துண்டு இருந்தாலும் பொறி கல்லாய் நிற்கும். இங்கே அரையங்குல நூல் கிடந்தது. ஷட்டிலின் கொக்கிமுனையை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பிருந்தால் நூலை அறுக்கும். இதில் இல்லை.

முகத்தட்டை அடுத்துக் கழற்றினோம். இவ்வகைப் பொறியில் மேல்நூலை இறுக்கும் டென்ஷன் அமைப்பு அத்தட்டிலேயே உள்ளமையால் இரண்டும் சேர்ந்து வந்தன. உள்ளே ஊசித்தண்டும், பாதத்தண்டும், நூலை மேலும் கீழும் இழுக்கும் நெம்புகோலும் தேன்நிறப் பிசினில் மூழ்கியிருந்தன. நோயின் வேர் இதுவே. ஊசித்தண்டைப் பற்றியிருக்கும் பிடித்திருகாணியை மட்டும் தொடாமல் விட்டோம். அதனைத் தளர்த்தினால் ஊசியின் உயரம் மாறும். ஊசி அடிமட்டத்துக்குச் சென்று சிறிதளவு மேலெழும்போது நூல் ஒரு சிறு வளையமாய்ப் பிதுங்கும். அக்கணத்தில் கொக்கிமுனை ஊசிக்காதுக்குச் சற்று மேலே வந்து அவ்வளையத்தைக் கவ்வும். இந்த ஒரு கணப் பொருத்தத்தில்தான் தையல் பிறக்கிறது. மில்லிமீட்டர் கணக்கில் பிறழ்ந்தாலும் தையல் விழாது. பிரித்தே தீரவேண்டுமெனில், முன்னரே தண்டின்மீது கூரிய முனையால் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்க.

மண்ணெண்ணெயைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஊற்றினோம். அன்று பொறி அசையவில்லை. மூதாட்டி இரவு உறங்கவில்லை என்று மறுநாள் அறிந்தோம். மறுநாள் எமக்கு மாலைப் பணி. ஆகவே காலையில் சென்று, பொறியை முற்றத்து வெயிலில் வைத்தோம். கருநிற இரும்பு வெயிலை நன்கு வாங்கும். ஒன்றரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. பிசின் இளகத் தொடங்கியது. இரும்புக்காரரும் அவ்வேளையில் வந்து நின்றார். சக்கரத்தை மாட்டி, முன்னும் பின்னும் ஒரு நெல்லளவு, இரு நெல்லளவு என்று அசைத்தோம். திடீரென ஊசித்தண்டு ஒரு முறை இறங்கி ஏறியது. "விலையில நூறு கூட்டித் தரலாம்" என்றார் அவர். அப்பெண்மணி விடை கூறவில்லை. உள்ளே சென்று பழந்துணி கொண்டுவந்து எம்மருகில் அமர்ந்து, கழற்றிய உறுப்புகளைத் துடைக்கலானார். அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மெருகைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பொறியின்மேல் பொன்னிறத்தில் காணும் பூவேலை அரக்கு மெருகின் அடியில் ஒட்டிய மெல்லிய படம். அதன்மேல் மண்ணெண்ணெயோ, சாராயம் கலந்த நீர்மமோ, சோப்புநீரோ படலாகாது. மெருகு கரைந்து பொன் வெள்ளியாகிவிடும். மிஷின் எண்ணெய் தோய்த்த மெல்லிய துணியால் மட்டும் துடைக்கலாம். மண்ணெண்ணெயை உட்பகுதியோடு நிறுத்துக; அடுப்பருகே இவ்வேலை வேண்டவே வேண்டா.

டென்ஷன் அமைப்பைப் பிரிக்க அஞ்சுவோர் பலர். திருகுமூடி, சுருள்வில், தடுப்பு வில்லை, நடுவே ஒரு சிறு முள், இரு தட்டுகள், நூலைத் தாங்கும் மெல்லிய கம்பிவில் இவ்வளவே. இரு தட்டுகளின் குவிந்த முகங்களும் ஒன்றையொன்று நோக்கி இருக்கவேண்டும். தட்டுகளுக்கிடையே துரு படிந்து நூல் உராய்ந்த தடம் இருந்தது. எண்ணெயும் சாம்பலும் கொண்டு தேய்த்துப் போக்கினோம். பாபின் கேஸின் சிறு திருகாணியை அளக்க ஒரு வழி உண்டு: நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுக, தானாக இறங்கலாகாது, கையை ஓர் உதறு உதறினால் சிறிதளவு இறங்கவேண்டும்.

கூட்டும் வேலை விரைவில் முடிந்தது. சிரட்டைகள் பின்னோக்கிக் காலியாயின. ஒரு திருகாணியும் மிகவில்லை. மண்ணெண்ணெய் பட்ட இரும்பு வறண்டு நிற்குமாதலால், உராயும் இடந்தோறும் நல்ல மிஷின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டோம். தூணின் பின்புறமுள்ள வட்டமூடியைத் திருப்பி உள்ளே விட மறத்தல் கூடாது. அவ்வீட்டில் அம்மூடி திறக்கும் என்பதே எவர்க்கும் தெரியாது. கால்மிதியின் இருபுறத்துக் கூம்புத் திருகுகளையும் ஆட்டமின்றி, இறுக்கமுமின்றி அமைத்தோம். தோல்வார் நீண்டு தளர்ந்திருந்தது. அரையங்குலம் வெட்டிக் கொக்கியிட்டோம். மொத்தச் செலவு மண்ணெண்ணெய், மிஷின் எண்ணெய், புதிய ஊசி ஆகியவற்றுக்கே. ஊசி இன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் வீட்டுப்பொறி ஊசிதான். சீருடைத் துணிக்குப் பதினான்காம் எண் பொருத்தம். தடித்த காக்கிக்குப் பதினாறு. நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூலைக் காதில் கோக்கவேண்டும்.

முதல் தையலில் துணியின் அடியில் நூல் கண்ணி கண்ணியாய்த் தொங்கியது. அப்பெண்மணி திகைத்தார். அடியில் கண்ணி விழுந்தால் குற்றம் மேலே என்பது இக்கலையின் விதி. நூல் தட்டுகளுக்கிடையே செல்லாமல் வெளியே கிடந்தது. எடுத்துக் கோத்ததும் தையல் இருபுறமும் ஒன்றுபோல் விழுந்தது. மூதாட்டி துணியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பின்பு விரலால் தடவிப் பார்த்தார். "சத்தம் மாறிப் போச்சே மக்களே" என்றார். பிசின் போனதால் ஓசை குறைந்ததைத்தான் அவ்வாறு சொன்னார். அது குறையென்றே அவர் எண்ணுகிறார், இன்றும் சமாதானமாகவில்லை.

நாற்பதில் முப்பத்தேழு சீருடைகள் பள்ளி திறக்கும் முன்னரே முடிந்தன. எஞ்சிய மூன்றும் துணி தாமதமாய் வந்தமையால் அடுத்த வாரம் தைக்கப்பட்டன.

இச்செய்தி பரவியபின் கொல்லங்கோட்டிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும்கூட அன்பர்கள் எம்மைத் தேடி வருகின்றனர். எல்லைக் கோடு 1956 நவம்பர் முதல் நாளில் விழுந்தது; பிசினுக்கு அக்கோடு தெரியாது. சங்க நிர்வாகிகள் இசைவளித்துள்ளமையால், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் சங்கக் கட்டடத்திலேயே யாம் இருப்போம். தலைப்பகுதியை மட்டும் கொண்டுவந்தால் போதும். காலை வீட்டிலேயே விடுக. பாபினும் பாபின் கேஸும் தவறாமல் உடன் வரட்டும். படகு வடிவ ஷட்டிலும் நீண்ட பாபினும் உள்ள மிகப் பழைய பொறியெனில், பழைய ஊசி ஒன்றையும் எடுத்து வருக. சிலவற்றுக்கு வேறு வகை ஊசி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. சிரட்டை எம்மிடம் உண்டு.